ரப்பர் வளையமும் பிரபஞ்ச ரகசியமும்

மருமகளுக்கு என்ன வேலை என்று யார் கேட்டாலும் மாமியார் ஒரே மூச்சில் முடித்துவிடுவார்: “பூமிக்கு அடியில போயி எதையோ தேடுறா. இன்னும் கிடைக்கல.”

உண்மைதான். பிரபஞ்சமெங்கும் கண்ணுக்குத் தெரியாமல் நிறைந்திருப்பதாகச் சொல்லப்படும் கரும்பொருளின் ஒரு துகளாவது வந்து மோதாதா என்று, கைவிட்ட சுரங்கத்தின் அடியில் துகள் மோதினால் ஒளி மினுக்கும் திரவ செனான் நிரப்பிய தொட்டியைக் காவல் காத்தார் அந்த இயற்பியலாளர். துகள் வரவில்லை. வராததைப் பற்றிய கட்டுரைகள் தவறாமல் வந்தன. ‘இங்கே இல்லை’ என்று எழுதி முனைவரானார். ‘இன்னும் துல்லியமாக இல்லை’ என்று எழுதியதும் வேலை நிரந்தரமாயிற்று. கணவர் பல் மருத்துவர். அவருக்குச் சொத்தையாவது கண்ணில் படும்.

ஒரு கோடையில் தொட்டிக்குள் மினுக்குகள் திடீரெனக் கூடின. ஆய்வக இயக்குநருக்குத் தலைகால் புரியவில்லை. பத்திரிகையாளர்களை அழைத்தார், புதுக் கோட்டு ஒன்றும் தைக்கக் கொடுத்தார்.

மருமகளுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. சுரங்கத்தின் காற்றோட்ட விசிறி நிற்கும்போதெல்லாம் மினுக்குகள் ஏறின. பிரபஞ்ச ரகசியத்துக்கும் விசிறிக்கும் என்ன உறவு? குழாய் குழாயாகத் தடவிப் பார்த்ததில் ஓர் இணைப்பில் ரப்பர் வளையம் வெடித்திருந்தது. விசிறி நின்றால் பாறையிலிருந்து வரும் ரேடான் வாயு சுரங்கத்தில் தேங்கும். அந்த வெடிப்பு வழியே உள்ளே நுழைந்து கதிரியக்கத்தால் மினுக்கியிருக்கிறது.

இயக்குநரிடம் ஓடினார். அவர் கண்ணாடியில் கோட்டைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

“இன்னைக்கேவா சொல்லணும்? பேட்டி முடியட்டும்மா.”

மேடையில் இயக்குநர் மனிதகுலம், விடியல் என்றெல்லாம் பொழிந்தார். ஒரு நிருபர் இவர் பக்கம் திரும்பி, இது உறுதிதானா என்று கேட்டார்.

“இல்லைங்க. குழாய் கசியுது.”

அதன்பின் இயக்குநர் இவர் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். மதிய உணவு மேசையில் சக ஊழியர்கள் இவருக்கு இடம் கொடுத்தார்கள், மூன்று நாற்காலி தள்ளி. வேறு வேலை தேடலாமா என்று கணவரிடம் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், இன்னும் பெரிய தொட்டிக்கு அரசு அனுமதி வந்தது. ‘எங்கள் பிழையை நாங்களே பிடிக்கும் நேர்மை எங்களுடையது’ என்று விண்ணப்பத்தில் இயக்குநர் உருகியிருந்தார். நேர்மைக்குச் சான்றாக இவரைத் துணை இயக்குநராகவும் ஆக்கினார்.

இவருக்கு வந்த கோபத்தில் பாராட்டு விழாவுக்கே போகவில்லை. பதவியை மட்டும் ஏற்றுக்கொண்டார். அந்தத் துகள்மேல் இருந்த ஆசை அவரை விடவில்லை.