துடைக்காத புதிர்

போர் முடிந்த சமயம். பேசின் பிரிட்ஜ் ரயில்வே யார்டில் வேலை பார்த்த நானும் தாவூதும் முனுசாமியும் உளவாளி விளையாட்டு ஆடுவோம். ஒருவன் கூட்ஸ் பெட்டியில் சாக்கட்டியால் ரகசிய எண்கள் எழுதுவான். விடை கண்டவன் அதைத் துடைத்துவிட்டு அடுத்த புதிரைப் போட வேண்டும்.

தாவூத் போடும் புதிர்தான் மண்டையைக் காயவைக்கும். ஒருநாள் பெட்டிகளைக் கோக்கும்போது இடையில் சிக்கி இறந்துபோனான்.

ஒரு மாதம் கழித்து, எங்கோ போய்த் திரும்பிய பெட்டியில் அவன் கையெழுத்து. சாவதற்கு முன்பு எழுதியது. எண்களை எழுத்தாக்கினேன்: ‘உளவாளி இன்னும் உசுரோட கீறான்.’

“இன்னா நைனா, தெரிஞ்சுதா?” என்றான் முனுசாமி.

“இல்லப்பா. உனக்கு?”

“எனக்கும் வர்ல.” அவன் கண் கலங்கியிருந்தது.

இருவர் கையிலும் துடைக்கிற துணி இருந்தது. வண்டி கிளம்பிவிட்டது.

இன்றும் கூட்ஸ் வண்டி போனால், அந்தப் பெட்டி வருகிறதா என்று பார்க்கிறேன். வந்தாலும், விடை தெரியாது என்றுதான் சொல்வேன்.