சாமி மரத்தில் கட்டிய கயிறு

சென்ற ஆண்டுக்கு முந்தைய ஆண்டு, தீபாவளி முடிந்து மழை விடாமல் பெய்துகொண்டிருந்த சமயம். மலேசியாவில், கிள்ளானில் ஒரு பழைய தாமான் குடியிருப்பின் மூலை வீட்டில் இது நடந்தது. இந்த மாதிரி அனுபவங்களை எழுதுகிறவர்கள் நினைத்தாலே உடம்பு சிலிர்க்கிறது, கண் கலங்குகிறது என்று எழுதுவார்கள். எனக்கு அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. நினைத்தால் கோபம்தான் வருகிறது.

நானும் என் தம்பியும் மரம் வெட்டும் தொழில் செய்கிறோம். பிரிக்பீல்ட்ஸில் கடைகளுக்குப் பின்னால் நிற்கும் மரம், கிள்ளானில் வீட்டுத் தோட்டத்து மரம், எதற்குக் கூப்பிட்டாலும் போவோம். தம்பி மேலே ஏறுவான். வேலை பேசுவது, நகராண்மைக் கழகத்தில் அனுமதி வாங்குவது, கயிறு, அறுக்கும் மிஷின், லோரி எல்லாம் என் பொறுப்பு. லோரி ஓட்டவும் வெட்டிய கிளைகளை இழுத்துப் போடவும் ஓர் அண்ணன் இருக்கிறார். அவ்வளவுதான் எங்கள் கம்பெனி. வாடிக்கையாளர்களில் பாதிப் பேர், வந்து நிற்பது ஒரு பெண் என்றதும், "பாஸ் வரலையா?" என்று கேட்பார்கள். ஆரம்பத்தில் சிரித்து மழுப்பினேன். இப்போது சிரிப்பதில்லை.

இந்தத் தொழிலில் இறங்க ஆசைப்படுகிறவர்கள் எனக்கு போன் போட்டு, என்ன மிஷின் வாங்கலாம், எந்தக் கயிறு நல்லது என்று கேட்கிறார்கள். அதையெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். என்னிடம் கேட்டால் மரத்தைப் பார்ப்பதற்கு முன் வீட்டைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். அந்த வீட்டில் யார் பேச்சு எடுபடுகிறது, வேலை நடுவில் யார் வந்து நுழைவார்கள் என்று விசாரித்துவிட்டுக் கயிற்றை எடுங்கள். நான் அன்று மரத்தை நன்றாகப் பார்த்தேன். வீட்டை முழுசாகப் பார்க்கவில்லை.

அந்த வீட்டுக்கார அக்கா முதலில் போட்டோதான் அனுப்பினார். போட்டோவைப் பார்த்து நாங்கள் எந்த வேலையையும் ஒப்புக்கொள்வதில்லை. போட்டோவில் எல்லா மரமும் சின்னதாகத்தான் தெரியும். நேரில் போய்ப் பார்த்தால், பெரிய மாமரம். காற்றில் ஒரு தடித்த கிளை பாதி முறிந்து, அடுப்படிக் கூரைக்கு நேர் மேலே தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே ஒரு வேப்பமரம். அடிமரத்தில் மஞ்சள் துணி, முன்னால் சூலம், சின்னதாக முனீஸ்வரர் மேடை. நம்மவர்கள் வீட்டு மூலையில் இப்படி ஒரு மேடை இருப்பது புதிதல்ல.

இங்கே கயிற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மரம் ஏறுகிறவரின் உயிர்க்கயிறு ஒரு முனையில், தரையில், பலமான ஒன்றோடு கட்டியிருக்கும். அங்கிருந்து உயரே போய், கிளை பிரிகிற ஒரு கவையில் ஏறி மறுபக்கம் இறங்கும். அந்த மறுபக்கத்தில்தான் ஆள் தொங்குவான். தரையில் இருக்கும் முடிச்சு அவிழ்ந்தால் ஆளும் கீழே வருவான். மாமரத்தின் அடியிலேயே கட்டியிருக்கலாம். ஆனால் வெட்டுகிற கிளை எல்லாம் அங்கேதான் விழும், கயிறு அடிபடும். சுற்றுவட்டத்தில் பலமாக நின்றது அந்த வேப்பமரம் ஒன்றுதான்.

சாமி மரம் ஆயிற்றே என்று நான் அக்காவிடம் கேட்டேன். "கட்டுங்கலா, நல்ல காரியத்துக்குத்தானே, சாமி ஒன்னும் சொல்லாது" என்றார். காலணியைக் கழற்றி, சூடம் ஏற்றிக் கும்பிட்டு, மஞ்சள் துணி கசங்காமல் அதற்கு மேலே கயிற்றைச் சுற்றிக் கட்டினோம்.

பாதி வேலை நல்லபடியாகப் போனது. சின்னக் கிளைகளை எல்லாம் எடுத்தாயிற்று. தம்பி மாடி உயரத்துக்கு மேல் இருந்தான். அப்போது வாசலில் ஹார்ன் சத்தம். ஒரு தடவை அடித்துவிட்டுக் காத்திருக்கிற ஹார்ன் இல்லை, கையை எடுக்காமல் அடிக்கிற ஹார்ன். அக்காவுடைய கணவரின் அண்ணன் வந்திருந்தார். கோயில் கமிட்டியில் இருக்கிறவராம். எங்கள் லோரி வழியை மறித்திருந்தது. தெருவில் காரை நிறுத்திவிட்டு நடந்து வரலாம். ஆனால் அவருக்குக் கார் உள்ளே வந்தாக வேண்டும்.

நான் தம்பிக்குக் கை காட்டினேன். அவன் மிஷினை அணைத்தான். லோரி அண்ணன் வண்டியை நகர்த்தப் போனார். விட்டால் நாங்கள் கட்டியிருந்த எச்சரிக்கை நாடாவையும் அந்த ஆள் காரோடு இழுத்துக்கொண்டு வந்துவிடுவார் போலிருந்ததால், அதை அவிழ்க்க நான் வாசலுக்கு ஓடினேன். கார் உள்ளே போயிற்று. நாடாவைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தேன். "அக்கா! கயிறு!" என்று மேலேயிருந்து தம்பி என்னைப் பார்த்துக் கத்தினான்.

திரும்பிப் பார்த்தேன். வேப்பமரத்தடியில் இருக்க வேண்டிய கயிற்று முனை தரையை விட்டு மேலே ஓடிக்கொண்டிருந்தது. அது கவையைத் தாண்டி மறுபக்கம் பொத்தென்று விழுந்தது. வேப்பமரத்தடியில், காரில் வந்த அந்த அங்கிள், செருப்பைக் கழற்றிவிட்டு, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டிருந்தார்.

தம்பி விழவில்லை. மிஷினை நிறுத்தினால் மறு காரியம் பார்ப்பதற்கு முன், இடுப்பில் இருக்கிற குட்டை வாரை மரத்தைச் சுற்றி மாட்டிவிட வேண்டும் என்பது அவன் பழக்கம். மாட்டிவிட்டு, சாய்ந்து உட்காரப் பார்த்திருக்கிறான். கயிறு கைவிட்டதும் வார் மரத்தோடு சரிந்து, ஒரு குலுக்கலில் இறுகி நின்றது. விலா போய் மரத்தில் மோதியது. இரண்டு கையாலும் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றான். மாட்டாமல் சாய்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் எழுதப் போவதில்லை.

"யாரும்மா இங்க கயிறு கட்டனது? சாமி மரம்னு தெரியாது?" என்று அங்கிள் என்னிடம் கேட்டார்.

"மேல ஆள் இருக்கான், அங்கிள்."

"அவன் மரத்தப் புடிச்சிட்டுத்தானே நிக்கறான்? நான் என்ன சும்மாவா அவுத்தேன், கும்பிட்டுட்டுத்தான் அவுத்தேன். அந்த வாசல் தூண்ல கட்டிக்கோ. உங்க பாஸ் எங்க? அவரக் கூப்பிடு, நான் பேசிக்கறேன்."

"நான்தான் பாஸ். மேல இருக்கறது என் தம்பி."

அதற்குப் பிறகாவது அந்த மனிதர் சும்மா இருந்திருக்க வேண்டும். இல்லை. அண்ணாந்து பார்த்து, "பயப்படாதப்பா, அந்த எடது பக்கக் கிளையப் புடி, மெதுவா காலக் கீழ வை" என்று கத்த ஆரம்பித்தார். அவர் காட்டியது முறிந்து தொங்குகிற கிளை. மேலே இருக்கிறவனுக்குக் கீழிருந்து ஒரே ஒரு குரல்தான் போக வேண்டும். இரண்டு குரல் போனால் எதைக் கேட்பான்?

"வாய மூடுங்க" என்றேன். என் அப்பா வயதுக்காரரிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. இன்னொரு முறை இப்படி நடந்தாலும் அதையேதான் சொல்வேன்.

தம்பியின் இடுப்புப் பையில் மெல்லிய நூல்கயிறு இருந்தது. "அத எறக்கு. அவசரம் இல்ல. மூச்ச விட்டுட்டு எறக்கு" என்றேன். தம்பி நூலை இறக்கினான். அதில் உயிர்க்கயிற்றைக் கட்டிவிட்டேன். இழுத்து எடுத்து, கவையில் போட்டு, ஒரு முனையை எனக்கு அனுப்பினான். நான் அதை நேராக வேப்பமரத்துக்குக் கொண்டுபோனேன்.

"மறுபடியும் அங்கயேவா?" என்று அங்கிள் குரலை உயர்த்தினார்.

"இங்கயேதான். அவுக்கணும்னா என்னத் தாண்டி வாங்க."

முடிச்சைப் போட்டு, அதன்மேல் முதுகை வைத்து நின்றேன். தம்பி இறங்கிக் கால் தரையில் படும்வரை நகரவில்லை. அங்கிள் முணுமுணுத்துக்கொண்டே தள்ளி நின்றார். லோரி அண்ணனும் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

தம்பி இறங்கிப் புல்லில் உட்கார்ந்தான். வீட்டுக்கார அக்கா அழுதுகொண்டே கோப்பி கொண்டுவந்து கொடுத்தார். அப்போது அங்கிள் பக்கத்தில் வந்து, எல்லாரும் கேட்கும்படி சொன்னார்: "பாத்தியா, ஒன்னும் ஆகல. முனீஸ்வரர் காப்பாத்திட்டாரு."

கயிற்றை அவிழ்த்ததைக்கூட நான் ஒரு நாள் மறந்துவிடுவேனோ என்னவோ. இந்தப் பேச்சை மறக்க முடியாது. எனக்கும் முனீஸ்வரர் மேல் பக்தி உண்டு. வருஷா வருஷம் கும்பிடுகிறோம். ஆனால் அவிழ்த்தது யார் கை? ஒரு மன்னிப்பு இல்லை. "வலிக்குதாப்பா" என்று ஒரு வார்த்தை இல்லை. சாமி பேரைச் சொல்லி, சுலபமாகத் தப்பித்துக்கொண்டார். நான் வாயைத் திறந்தால் சாமியையே மறுத்துப் பேசுகிற மாதிரி ஆகிவிடும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

"மிச்சத்தையும் முடிச்சுட்டுப் போயிடுங்களேன், நல்ல நேரம் பாத்து ஆரம்பிச்சது" என்று அக்கா கெஞ்சினார். அவர் மேல் எனக்குப் பரிதாபம்தான். கிளையை எடுக்கும்வரை அடுப்படிப் பக்கம் யாரும் போகாதீர்கள், வெளியில் சமைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, வேறு ஆட்களின் நம்பரைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம். பொம்பளைக்கு இவ்வளவு திமிர் ஆகாது என்று அந்த அங்கிள் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தது பிறகு என் காதுக்கு வந்தது. சொல்லட்டும்.

தம்பி விலா வலியோடு கொஞ்ச நாள் வீட்டில் இருந்தான். அவனுக்குக் கோபமே இல்லை. "விடுக்கா, பெரியவரு, தெரியாம செஞ்சிட்டாரு" என்றான். எனக்கு அதற்கும் கோபம் வந்தது. தெரியாவிட்டால் கேட்கலாமே! இது எதுக்குக் கட்டியிருக்கு என்று ஒரு வார்த்தை. மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கிப் போட்ட முடிச்சை மெனக்கெட்டு அவிழ்க்கத் தெரிந்தவருக்கு, தலையைத் தூக்கி மேலே பார்க்கத் தெரியவில்லையா?

இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும், வேலை தொடங்கும் முன் வீட்டில் இருக்கிற அத்தனை பேரையும் வெளியே கூப்பிட்டு நிறுத்துகிறேன். கயிற்றைத் தொட்டுக் காட்டி, இதன் மறுமுனையில் ஒரு ஆள் இருக்கிறான் என்று சொல்கிறேன். இன்றைக்கு வேறு யாராவது வருவார்களா என்று கேட்கிறேன். யார் வந்தாலும் முதலில் தம்பி தரைக்கு வருவான், அப்புறம்தான் வாசல் திறக்கும். காத்திருக்க முடியாதவர் ஹார்ன் அடித்துக்கொண்டே இருக்கட்டும். சாமி மரத்தில் கட்ட வேண்டியிருந்தால் வீட்டுக்கு மூத்தவர் யாரோ அவரே வந்து அனுமதி சொல்ல வேண்டும். அவர் வர மாட்டேன் என்றால் நாங்களும் ஏற மாட்டோம். முடிச்சுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு நான் உட்கார்ந்துகொள்கிறேன். போன் வந்தாலும் எடுப்பதில்லை. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய யோசனை இதுதான்.

இன்னுமா அந்தக் கோபம் போகவில்லை, வயதானவரை மன்னித்துவிடக் கூடாதா என்று வீட்டில் கேட்கிறார்கள். மன்னித்தால் மறந்துவிடுவேன். மறந்த நாளில் கயிற்றை விட்டு எழுந்து போய்விடுவேன். அதனால் தம்பி மரம் ஏறிக்கொண்டிருக்கும் வரை இந்தக் கோபத்தை ஆறவிடுவதாக இல்லை.