ஆஸ்பத்திரியில் சொன்ன ‘வரேன்’

மனைவியின் கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. மூன்று நாள் முன்பு ஊசி குத்தி அதிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். நல்லதா கெட்டதா என்று சொல்லும் காகிதத்துக்காக விழுப்புரத்திலிருந்து முதல் பஸ் பிடித்து, புதுச்சேரியில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தோம். “ரிப்போர்ட் மூணு மணிக்குத்தான் வரும். வெளிய போயிட்டு வந்துடுங்க” என்றாள் நர்ஸ். மணி ஒன்பது ஐம்பது. இன்னும் ஐந்து மணி பத்து நிமிடம் கிடந்தது.

“வரேம்மா” என்று கைகூப்பிவிட்டுத் திரும்பினேன். நாலடி வைத்ததும்தான் உறைத்தது. யார் வீட்டிலிருந்து கிளம்பினாலும் ‘போறேன்’ என்று சொல்லக்கூடாது, ‘வரேன்’ என்றுதான் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் மட்டும் நேர்மாறு. அங்கே ‘வரேன்’ என்றால் நோயோடு திரும்பி வருவோம் என்று ஆகிவிடும். முப்பத்தாறு வருடம் நிலத்தை அளந்த சர்வேயர் நான், இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. மூன்று மணிக்கு வரத்தானே போகிறோம், அதைத்தான் சொன்னேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. மனைவியின் காதில் விழுந்ததா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

“இங்கயே உக்காரலாம். பதினாலு நாற்காலி காலியா இருக்கு.”

“உக்காந்து நாற்காலிய எண்ணிக்கிட்டே இருப்பீங்க. வாங்க, பிள்ளையாரப் பாத்துட்டு வரலாம்.”

கோயிலில் செல்போனை அணைக்கச் சொல்லி ஒரு பலகை. ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டால் என்ன செய்வது? சத்தத்தை மட்டும் அடக்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அவளிடம் சொல்லாமல் பதினோரு சுற்று என்று முடிவு செய்து நடந்தேன். நடுவில் போன் அதிர்ந்தது. பதறி எடுத்தால் கடன் வேண்டுமா என்று எவளோ கேட்கிறாள். அதற்குள் கணக்கு போய்விட்டது. ஏழா, எட்டா? மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன்.

தூண் ஓரம் உட்கார்ந்திருந்த மனைவி, மூன்றாவது சுற்றில் வேட்டியைப் பிடித்து நிறுத்தினாள். “பிள்ளையாருக்கு ஒரு சுத்துதாங்க. மீதியெல்லாம் உங்க வாக்கிங்.”

வெளியே வெயில். கடலைப் பார்த்துப் போகும் தெருவில், மஞ்சள் சுவர் வைத்த பழைய வீடு ஒன்றில் ஓவியக் கண்காட்சி. உள்ளே மின்விசிறி ஓடுவது தெரிந்ததும் அவள் நுழைந்துவிட்டாள். முப்பத்தொரு படங்கள். ஒன்பது நிமிடத்தில் முடித்துவிட்டு வந்து பார்த்தால் அவள் நாலாவது படத்தின் முன்னாலேயே நிற்கிறாள். அகலமான படம், முழுக்க மணல். ஒரு மூலையில் மீன்கூடையோடு ஒருத்தி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

நான் வாசலுக்கும் அவளுக்குமாக நடந்தேன். காவலுக்கு இருந்த பெரியவர் இந்த ஊர்க்காரர், ‘ஐயா’ என்பதைப் பிரெஞ்சில் சொல்லிப் பழகியவர். “உக்காருங்க முசியே. தரை தேயுது” என்றார்.

அவளிடம் போனேன். “இன்னும் இருபத்தேழு படம் இருக்கு.”

“எல்லாத்தையும் பாக்கணும்னு யாரு சொன்னா? இந்தம்மா மீன வித்துட்டாளா இல்லையான்னு பாக்குறேன்.”

“அது படத்துல எப்படித் தெரியும்?”

“தோளப் பாருங்க. விக்கல.”

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. “ஒண்ணு சொல்லணும். காலையில அந்த நர்ஸுகிட்ட…”

“வரேம்மான்னீங்க.” படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“கேட்டுச்சா?”

“கேக்காம? பகீர்னு ஆயிடுச்சு. அதுக்குத்தான கோயிலுக்கு இழுத்துட்டு வந்தேன். ‘இந்த மனுஷன் வாய் தவறிச் சொல்லிட்டாரு, மனசுல வெச்சுக்காதப்பா’ன்னு அவருகிட்ட சொல்லியாச்சு.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

“சொல்லியிருந்தா நூத்தியெட்டு சுத்து சுத்தியிருப்பீங்க.”

காவல் பெரியவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தானைக்கு அடியில் அவள் விரல்கள் கட்டியின் மேல் இருந்தன. காலையிலிருந்து அங்கேதான் இருந்திருக்க வேண்டும். அவள் நிம்மதியாக இருக்கிறாள் என்று நினைத்து நான் எரிச்சல் பட்டுக்கொண்டிருந்தேன்.

டாக்டர் மூன்று இருபத்தைந்துக்குக் கூப்பிட்டார். “கெட்டது ஒண்ணும் இல்லம்மா. சாதாரணக் கட்டிதான். பெருசானா பாத்துக்கலாம்.” அவள் கண்ணை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். நிச்சயமா என்று நான் கேட்டேன். மறுபடி கேட்டேன். மூன்றாவது முறை கேட்டபோது டாக்டர் காகிதத்தை விட்டுவிட்டு என் கையைப் பார்த்தார். “ஏன் ஐயா இப்படி நடுங்குது?”

“அவருக்கும் ஒரு தடவ பிரஷர் பாத்துடுங்க டாக்டர்” என்றாள்.

நூற்று எழுபத்தெட்டு. கருவியில் ஏதோ கோளாறு, இன்னொரு முறை பாருங்கள் என்றேன். நூற்று எண்பத்திரண்டு.

மருந்துச் சீட்டு என் பெயருக்கு எழுதப்பட்டது. அதை வாங்கிக்கொண்டு அவள் வரிசையில் போய் நின்றாள். எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லி என்னைப் பெஞ்சில் உட்கார வைத்திருந்தாள்.