பனி தெரியாத அல்பம்

என் ஊரான கொக்குவிலில் நான் கடைக்குப் போனால், கேட்காமலே கடைக்காரர் போத்தல் தண்ணீரை எடுத்து வைக்கிறார். "எங்கடை கிணத்துத் தண்ணி உங்களுக்கு ஒத்துவராது அண்ணை." அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த உடம்புதான் இது என்றால் சிரிக்கிறார். என் நடையே வெளிநாட்டு நடையாம். அவர் ஓர் ஆதாரமும் கேட்டதில்லை.

அந்த வெளிநாடுதான் நம்ப மறுக்கிறது. அதன் பெயரை எழுதினால் என் கோப்பு இன்னும் அடியில் போய்விடுமோ என்று பயம். ஆகவே குளிர்நாடு என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் செத்தவீட்டுக்கு வந்தவனை, திரும்பும்போது விமான நிலையத்தில் மறித்தார்கள். கணினி மாற்றியபோது என் பதிவு தொலைந்துவிட்டதாம். பிறகு, பிழை தங்களுடையது என்று ஒப்புக்கொண்டு, என்னைப் போல அகப்பட்டவர்களுக்கு ஓர் இழப்பீட்டுத் திட்டம் தொடங்கினார்கள். திரும்பிப்போகும் அனுமதியும் அதற்குள்தான். ஆனால் அங்கே வாழ்ந்ததை நானே நிரூபிக்க வேண்டும், ஒவ்வொரு வருடத்துக்கும். வீடும் கரண்ட் பில்லும் மனைவி பெயரில். நான் சமைத்த உணவகம் பூட்டிப் பல காலம். "உங்கள் கோப்பு பரிசீலனையில் உள்ளது" என்று மாதாமாதம் ஒரே வரி வரும். நெஞ்சு ரயில் கடவை மணிபோல் அடிக்க, முதலில் பிரஷர் குளிசையைப் போட்டுவிட்டுத்தான் அதைத் திறப்பேன்.

கடைசியில், இருந்ததில் சிறந்ததை அனுப்பினேன்: மகளின் சாமத்தியவீட்டு அல்பம், அவள் பெரியபிள்ளையான சடங்கின் படங்கள். அதிகாரி தொலைபேசியில் அழைத்தார். மிக மரியாதையான குரல்.

"இவை இலங்கையில் எடுத்த படங்கள்."

"இல்லை மேடம், உங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மண்டபம்."

"வாழைமரங்கள் நிற்கின்றனவே?"

"பிளாஸ்டிக், மேடம்."

சற்றுநேரம் தட்டச்சுச் சத்தம். "அவற்றுக்குப் பற்றுச்சீட்டு இருக்கிறதா?"

இரவல் வாங்கியவை என்றேன். இரவலுக்கு எழுத்துமூல ஒப்பந்தம் உண்டா என்று கேட்டார்.

அங்கே இருக்கும் மனைவிக்குத் தொலைபேசியில் சொன்னேன். "இஞ்சருங்கோ, உங்களுக்கு விசரோ? அந்த அல்பத்தையே அனுப்பினனீங்கள்?"

"அதிலைதானப்பா நான் வடிவாய் நிக்கிறன்."

"பனி தெரியுது எண்டு யன்னலுக்கெல்லாம் சீலை கட்டுவிச்சது ஆர்?"

நான்தான். ஊருக்கு அனுப்பும் படம் ஊரைப்போல இருக்க வேண்டும் என்று, கோட்டுப் போட்டவர்களைக்கூட ஓரமாய் நிற்கச் சொன்னேன். கொண்டாட்டம் என்றால் எங்கள் சனம் எல்லோரும் இதைத்தான் செய்தோம். குளிர்நாட்டின் ஒரு மூலைகூடப் படத்தில் விழாமல் அத்தனை கவனமாக அங்கே வாழ்ந்திருக்கிறோம்.

பிறகு அவள் குரல் இறங்கியது. "எப்பதான் வாறியள்?" எதற்கும் பகிடி விடுகிற நான், அங்கே இப்போது பனி கொட்டுகிறதா என்று கேட்டேன்.

அடுத்த நாள் மகள் ஒரு பழைய படத்தைத் தேடி அனுப்பினாள். எங்கள் வீட்டு வாசல், முழங்கால்வரை பனி, தாயும் மகளும் சிரிக்கிறார்கள். தெருப் பலகையும் திகதியும் தெளிவாகத் தெரிகின்றன. நான் மட்டும் அதில் இல்லை, எடுத்தவனே நான்தான். விரலால் பெரிதாக்கினேன். அவர்களுடைய கால்வரை நீண்டு, பனிமேல் ஒரு நிழல் கிடந்தது. விரித்த முழங்கைகளும் கோணல் தொப்பியும் என்னுடையவை.

அதையே அனுப்பியிருக்கிறேன். கோப்பு பரிசீலனையில் உள்ளது. இங்கே வெயிலில் வேர்த்துக்கொண்டு நான் இருக்கிறேன். என் நிழல் அங்கே வீட்டு வாசலில், பனிக்குள் கிடக்கிறது.