யாருக்கும் வராத இதழ்

தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் இருந்த காலத்தில், மதுரையில் எழுதுகிறவர்கள் சிலர் இணையத்தில் ஒரு குழு வைத்திருந்தோம். ஆளுக்கொரு மின்னஞ்சல் இதழ் நடத்தினோம். ஒவ்வொரு இதழின் கடைசியிலும் இன்னொருவர் இதழைப் பாராட்டி இரண்டு வரி எழுதுவது வழக்கம்.

சமயநல்லூர்க்காரர் ஒருவரின் இதழை எல்லோரும் பாராட்டினார்கள். படிக்காமலே நானும் பாராட்டிவைத்தேன். ஒத்தக்கடை டீக்கடையில் கூடியபோது குழுவின் மூத்தவரிடம் கேட்டேன்.

“அந்த இதழ் உங்களுக்கு வருதாண்ணே?”

“வந்ததே இல்ல தம்பி. எல்லாரும் சொல்றாய்ங்களேன்னு நானும் எழுதுனேன்.”

அங்கிருந்த யாருக்கும் வந்ததில்லை. இல்லாத ஒன்றையா இம்புட்டு நாளும் புகழ்ந்தோம் என்று எரிச்சலாக இருந்தது.

மறுநாள் அஞ்சலைத் திறந்தால், அந்த இதழ் வந்திருந்தது. உள்ளே வேறொன்றும் இல்லை. கடைசியில் மட்டும், என் கட்டுரை ஒன்றைப் பாராட்டி இரண்டு வரி. அந்தக் கட்டுரையை நான் இன்னும் எழுதவே இல்லை.