பெக்டரி முடக்கில் இரண்டு பேனர்

பதுளை டவுனில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவனுடைய எழுத்துதான். போன் கடை, டியூஷன் வகுப்பு நோட்டீஸ், த்ரீவீலரின் பின்கண்ணாடி, தேயிலைப் பாக்கெட். என்னோடு ஒரே பெஞ்சில் இருந்து படித்தவன். கொழும்பில் ஒரு விளம்பரக் கம்பெனியில் உட்கார்ந்துகொண்டு தமிழில் ஒரு எழுத்துரு செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் போட்டுவிட்டான். எனக்கு வயிறு எரிந்தது.

அப்படி என்ன பெரிய எழுத்து? வட்டமும் நேர்கோடும்தான். எங்கும் ஒரே தடிமன், அலங்காரம் என்று ஒன்றும் கிடையாது. 'ட'வைப் பார்த்தால் மேசன் மூலைமட்டம் வைத்துக் கட்டியது போல இருக்கும். நான் வேலை செய்யும் பேனர் கடையில், குறை கண்டுபிடிக்கவென்றே அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவ்வளவு தடித்தும் 'ண'வின் சுழிகள் அடைபடவில்லை. உள்ளே வெள்ளை இடத்தை அளந்து விட்டிருந்தான். புள்ளியைக்கூடக் கோட்டின் அகலத்துக்கே உருட்டி வைத்திருந்தான். குறை அகப்படாததில் கோபம்தான் கூடியது.

நானும் ஒரு எழுத்து வரைந்துகொண்டிருந்தேன். மெல்லியதாய்த் தொடங்கி, நடுவில் பருத்து, முடிவில் நெளிந்து இறங்கும். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் டிவிஷன் கோயில் திருவிழா பேனர் அதில்தான் வரவேண்டும் என்று அவ்வளவு ஆசை. மனைவியிடம் மாதக்கணக்கில் பெருமை அடித்திருந்தேன். அவள் காட்டச் சொன்னபோதெல்லாம், "தொங்குறப்ப பாரு" என்று சொல்லிவிட்டேன்.

கோயில் தலைவர்தான் கெடுத்தார். "டவுன்ல போடுறாங்களே, அந்த மொத்தமான எழுத்துலயும் ஒன்னு அடிச்சுட்டு வாங்க தம்பி. ரெண்டையும் கட்டிப் பாப்போம்." என்னுடையதில் தேர் நாளையும் அவனுடையதில் காவடி நாளையும் போடச் சொன்னார்.

எங்கள் தோட்டத்தில் பேனரை பெக்டரி முடக்கில், ரோடு வளையும் இடத்தில், கட்டுவதே எதிர்மலையில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்காகத்தான். கூடையோடு நிமிரும்போது அங்கிருந்தே தேதியைப் பார்த்துக்கொள்வார்கள். பிறந்ததிலிருந்து இதைப் பார்த்தும், நான் என் எழுத்தை மூக்குக்கு முன்னால் கணினித் திரையில் வைத்தே வரைந்திருந்தேன்.

காலையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டினோம். தலைவர் எதிர்மலைக் கங்காணிக்கு போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் விட்டார்.

"என்னா தெரியுது?"

மற்றவர்களை முந்திக்கொண்டு ஒரு குரல் கத்தியது: "காவடி! வெள்ளிக்கெழம, காலையில ஆறு மணி!"

என் மனைவியின் குரல்.

"மத்தது என்னமோ கொடி படந்த மாதிரி இருக்குங்க" என்றார் கங்காணி. தலைவர் என்னுடையதைக் கழற்றச் சொன்னார். நானே ஏறிக் கழற்றினேன்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் பொறுக்கமுடியாமல் கேட்டேன். "அவன் எழுத்த வாசிக்க ஒனக்கு என்னா அவ்வளவு அவசரம்?"

அவள் கூடையை இறக்காமல் அப்படியே நின்றாள்.

"அது ஒங்களோடது இல்லீங்களா? ஒங்களோடதுன்னு நெனச்சுத்தாங்க அவ்வளவு சத்தமா வாசிச்சேன்."