எர்மெலிண்டாவின் சன்னல்

பல்கலைக்கழகத்தில் சேர வந்த அன்று, குவானஹுவாத்தோ நகர நாடக அரங்கின் படிக்கட்டில் கயிறு கட்டிய அட்டைப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன். கழுத்தில் வழிகாட்டி அட்டை தொங்க, அடர்ந்த மீசைக்காரர் ஒருவர் வந்து நின்றார்.

"மம்மின்னு காஞ்சுபோன பிணங்க, மலைமேல சிலை, முத்தச் சந்து, பழைய வெள்ளிச் சுரங்கம். எல்லாம் ஒரே மத்தியானத்துல. வர்றியா தம்பி?"

"நான் ஊர் பார்க்க வரல. வரலாறு படிக்க வந்திருக்கேன்." எங்கள் சோளக்காட்டுப் பக்கத்திலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் கொஞ்சம் உரக்கவே சொல்லியிருப்பேன்.

"அடேங்கப்பா! அப்ப நமக்குள்ள ஒரே தொழில்தான். நீ நடந்ததைச் சொல்லப் போற, நான் நடக்காததைச் சொல்றேன். தங்க இடம் இருக்கா?"

அந்த மீசைக்காரர், தோன் திபூர்சியோவின் மாடி அறைக்கு நான் குடிவந்தது இப்படித்தான். மனைவி இறந்து தனியாக இருந்தார். காலையில் பீன்ஸ் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு, கண்ணாடி முன் நின்று குரலை ஏற்றி இறக்கிப் பழகுவார். அவர் கதைகள் எல்லாம் ஒரே சொல்லில்தான் தொடங்கும்: "சொல்றாங்க..." அந்தச் சொல்லை இழுத்து, நிறுத்தி, கூட்டம் மூச்சைப் பிடித்த பிறகே மேலே போவார்.

அவருடைய பெயர்பெற்ற கதை ஒரு குறுகிய சந்தில் இருந்தது. அங்கே ஒரு வீட்டின் தெருச் சன்னலைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். "சொல்றாங்க... எர்மெலிண்டான்னு ஒரு அழகி. புருஷனுக்குச் சாக்லேட்டுல விஷம் கலந்து கொடுத்தா. காதலன் ஏறி வந்த சன்னல் இதுதான். ஊரே கூடி அடைச்சிருச்சு." பெண்கள் சிலுவைக் குறி போட்டுக்கொள்வார்கள், ஆண்கள் படம் எடுப்பார்கள். மற்ற வழிகாட்டிகளும் அந்தக் கதையை எடுத்துக்கொண்டார்கள். கையில் கோப்பையோடு ஒரு பெண் உருவம் முறுக்குச் சர்க்கரை மிட்டாயாகச் சந்தைக்கே வந்துவிட்டது.

கதை பிறந்த விதத்தை அவரே ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னார். செத்தவர்களுக்கு வீட்டில் படையல் போடும் இறந்தோர் நாள் விடுமுறை. மம்மிகளைப் பார்க்க வரிசை மலையைச் சுற்றி நின்றது. கூட்டம் முணுமுணுத்தது. வேறு வழியில்லாமல் அந்தச் சந்துக்குள் திருப்பினார். அடைத்த சன்னலுக்குப் பக்கத்தில் திறந்திருந்த கதவுக்குள்ளே சாமந்திப்பூவும் மெழுகுவத்தியுமாக ஒரு படையல். நடுவில் சர்க்கரையால் செய்த மண்டையோடு. அதன் நெற்றியில் செத்தவரின் பெயர் எழுதியிருந்தது. "எர்மெலிண்டா! வாயில போட்டா கரையிற பேரு. விட மனசு வருமா?"

படையல் போட்டவர்கள் யார் என்று அவர் யோசிக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிறு, அவருடைய கூட்டத்தோடு நானும் போயிருந்தேன். "சொல்றாங்க..." என்று அவர் தொடங்கியதும் அந்த வீட்டுக் கதவு திறந்தது. ஏப்ரன் கட்டிய, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வெளியே வந்தாள்.

"யாரு சொல்றாங்க?"

தோன் திபூர்சியோ சிரிக்கப் பார்த்தார். "ஊர்ல சொல்றாங்க, சென்யோரா."

"நானும் இந்த ஊர்ல பொறந்தவதான். எங்கிட்ட யாரும் சொல்லலையே. எர்மெலிண்டா என்னைப் பெத்தவ. எங்கப்பாவுக்குச் சுரங்கத்துல வேலை. நெஞ்செல்லாம் கல்தூசி. குளிர்காத்து பட்டா இருமி இருமி ரத்தமாத் துப்புவாரு. அதுக்காக எங்கம்மா தன் கையால அடைச்ச சன்னல் இது. நான் லியோன் ஊருக்கு வாக்கப்பட்டுப் போனவ, வருஷத்துக்கு ஒருதரம் படையல் போட மட்டும் வருவேன், இப்பத்தான் ஒரேயடியாத் திரும்பி வந்து வீட்டைத் திறந்தேன். ஒரு வாரமா உள்ள உக்காந்து கேட்டுக்கிட்டிருக்கேன். தினமும் எங்கப்பாவைக் கொல்றீங்களே, உங்களுக்கு அலுக்கவே அலுக்காதா?"

 பின்னாலிருந்து ஒருவர் கை தட்டினார். "பிரமாதம்! எவ்வளவு தத்ரூபமா நடிக்கிறாங்க!" கூட்டம் முழுவதும் சேர்ந்து தட்டியது.

தோன் திபூர்சியோவின் முகம் அப்படிக் கறுத்து நான் பார்த்ததில்லை. கழுத்து அட்டையைத் திருப்பி, பெயர் தெரியாதபடி சட்டைக்குள் போட்டுக்கொண்டார்.

மறுநாளிலிருந்து அதே இடத்தில் உண்மையைச் சொன்னார். சுரங்கம், தூசி, இருமல். கூட்டம் கொட்டாவி விட்டது. ஒருநாள், பக்கத்தில் தன் கூட்டத்தோடு நின்ற கிறிஸ்பின் என்ற வழிகாட்டி எல்லார் காதிலும் விழச் சொன்னான்: "வாத்தியாரே, உங்களுக்கு வயசாயிருச்சு. கதையைத் தப்பாச் சொல்றீங்க."

"அது நான் கட்டுன கதைடா!"

"அட, இது எங்க தாத்தா காலத்துக் கதை!"

அன்று சாயங்காலம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் கதவைத் தட்டினார். நான் பின்னால் நின்றேன். அந்தப் பெண், தோன்யா ஒத்தீலியா, வாசலுக்கு வந்தாள், உள்ளே வரச் சொல்லவில்லை.

"சென்யோரா, மன்னிப்புக் கேக்க வரல. அதுக்கு எனக்கு முகமில்ல. அடைச்ச சன்னல் இருக்கிறவரைக்கும் அவனுங்க விடமாட்டானுங்க. நீங்க சரின்னு சொன்னா, நானே உடைச்சு, நானே கதவும் போட்டுத் தர்றேன்."

அவள் செங்கல்லைத் தடவிப் பார்த்தாள். 

"உடைங்க. எங்கப்பாவுக்கு இனிமே காத்து பட்டா என்ன?"

அவர் ஒவ்வொரு செங்கல்லாகப் பெயர்த்துக் கொடுத்தார், நான் வாங்கி அடுக்கினேன். உட்பக்கப் பூச்சில் ஒரு பெண்ணின் விரல் தடங்கள் வரிவரியாகப் பதிந்திருந்தன. அதைப் பார்த்ததும் உளியைக் கீழே வைத்துவிட்டுத் தெருவில் போய் நின்றுகொண்டார். மீதியை நான்தான் பெயர்த்தேன்.

புதுச் சன்னல் திறந்த மறுநாளே கிறிஸ்பின் கூட்டத்தோடு வந்தான். நாங்கள் சந்து முனையில் நின்றிருந்தோம். "சொல்றாங்க..." என்றான், அவரைப் போலவே இழுத்து. "ராத்திரியில எர்மெலிண்டா உள்ள இருந்து தட்டுற சத்தம் தாங்காம, போன வாரம்தான் இதைத் திறந்துவிட்டாங்க."

தோன் திபூர்சியோ கழுத்து அட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். திரும்ப வாங்கவில்லை.

நான் பட்டம் வாங்கிய அன்று அவர் வந்திருந்தார். குடும்பப் படத்துக்கு நடுவில் உட்காரச் சொன்னோம். என் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பின்னால், தூணோரம் நின்றுகொண்டார்.

தோன்யா ஒத்தீலியா அந்தச் சன்னலில் பால் ஜெல்லி விற்கிறாள். "இதுல விஷம் இல்லையே?" என்று கேட்டு வாங்காத ஆள் இல்லை. "சாப்பிட்டுப் பாத்துச் சொல்லுங்க," என்பாள். வியாபாரம் நன்றாக நடக்கிறது. தோன் திபூர்சியோ மலைச் சிலைக்கு ஏறும் கம்பி ரயிலில் கதவு சாத்தும் வேலையில் இருக்கிறார். பயணிகள் ஏதாவது கேட்டால், மேலே போய்க் கேட்டுக்கொள்ளச் சொல்கிறார். வீட்டுக்கு இன்னும் சுற்று வழியில்தான் போகிறார். அந்தச் சந்து வழியாகப் போவதில்லை.